அப்பா முகம் பார்க்காதவன் ஊதினால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. புதுக் கார் எடுத்தபோது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்ன என் மனைவி கவிதாவிடம், அதை ஜூஸ் போட்டுக் கொடு என்றவன் நான்.

அம்மா வயிற்றில் நான் இருக்கும்போதே அப்பா தவறிவிட்டார். வீட்டிலிருந்த ஓரிரு படங்களும் ஆற்று வெள்ளத்தில் போய்விட்டதால், அவர் முகத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கரூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் 'அப்பனை முழுங்கினவன்'. கல்யாண வீட்டில் மணமேடைப் பக்கமே விடமாட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இங்கே அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் பக்கத்து வீட்டு நோரா ஆன்ட்டி அயர்லாந்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகளோடும் பேரக்குழந்தையோடும் வாசலில் வந்து நின்றார். குழந்தைக்கு வாய் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புண், டாக்டர் கொடுத்த மருந்து போட்டும் பால் குடிப்பதில்லை, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றவேண்டும். கவிதா எப்போதோ பேச்சுவாக்கில் என் கதையை அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் ஊர் வழக்கப்படி, அப்பா முகம் பார்க்காத பிள்ளை வாயில் ஊதினால் இந்தப் புண் ஆறிவிடுமாம். காசு வாங்கக் கூடாது, அவர்கள் தேங்க்ஸ் சொல்லவும் கூடாது. அப்பாவைப் படத்தில் பார்த்துவிட்டால்கூட அந்த வரம் போய்விடுமாம்.

கிருமி தொற்றும் என்று மறுத்தேன்.

"ஊதத்தானே சொல்றாங்க, என்னமோ கிட்னியக் கேட்ட மாதிரி பண்றீங்க!" என்றாள் கவிதா.

வாய் கொப்பளித்துவிட்டு வந்து லேசாக ஊதினேன். வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று அடங்கி, எங்கள் சோபாவிலேயே பாட்டில் பாலை முழுக்கக் குடித்தது. மறுநாள் வாய் சுத்தம். மருந்து வேலை செய்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பிறகு நோரா ஆன்ட்டியின் உறவில் இன்னொரு குழந்தை வந்தது, அதற்கும் ஆறியது. ஊரில் எதற்காக ஒதுக்கினார்களோ அதற்காகவே இங்கே என்னைத் தேடி வந்தார்கள், பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன மாதம் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். யாரோ சிநேகிதர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் கிடைத்ததாம், வலது ஓரத்தில் நிற்பது அப்பாவாம். வரம் போய்விடுமே என்று திறக்காமல் வைத்திருந்தேன், நம்பிக்கையே இல்லாத நான்! அப்புறம் போனால் போகட்டும், எனக்கு என் அப்பா முகம் வேண்டும் என்று திறந்துவிட்டேன். நம்பினால் நம்புங்கள், எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள், வலது ஓரத்தில் இருப்பவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். காதும் பின்கழுத்தும்தான் தெரிகின்றன. கவிதாவும் பார்த்தாள், அவளுக்கும் அப்படித்தான்.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

"என்ன கண்ணு சொல்ற? படம் என்ற கையிலதான் இருக்குது. அண்ணன் நேராப் பாத்துச் சிரிச்சுட்டு நிக்கறாரு" என்றார். மறுபடி அனுப்பினார். அதிலும் அதே பின்கழுத்து.

ஊருக்கு வந்து நேரில் பார்த்துக்கொள் என்கிறார். இன்னும் டிக்கெட் போடவில்லை. அவ்வளவு தூரம் போய் அந்தப் படத்தைக் கையில் வாங்கும்போது, அங்கேயும் அவர் திரும்பிக்கொண்டால் நான் என்ன செய்வேன்?