ஒட்டாமல் விட்ட மூலை

பசைக்காரன் முதன்முதலில் ப்ளூஸ் என்கிற சோக இசைக் கச்சேரி பார்த்த அன்று ஒரு பல்லை இழந்தான். ரசிகர்களுக்குள் கைகலப்பு, நாற்காலிகள் பறந்தன, ஒன்று இவன் வாயைப் பதம் பார்த்தது. கிட்டார்க்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, அடிபட்ட மாடு முனகுவதுபோல் வாசித்துக்கொண்டே இருந்தார். இவனும் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு கடைசிவரை கேட்டான். வெளியே வந்து, அந்தக் கச்சேரியின் போஸ்டரைக் கிழியாமல் உரித்து வீட்டுக்குக் கொண்டுபோனான்.

பிறகு அதே பைத்தியமாகத் திரிந்தான். போஸ்டர் ஒட்டுவதுதான் பிழைப்பு என்பதால் வசதியாகப் போயிற்று. ப்ளூஸ் போஸ்டர் என்றால் கீழ் மூலைகளில் பசை தடவ மாட்டான். கச்சேரி முடிந்ததும் முழுசாக உரித்துவிடலாம். நாற்பத்தொன்று சேர்ந்து கட்டிலடியை அடைத்துக்கொண்டன.

"என்னையும் ஒரு நாள் சுருட்டி அடியில வச்சிரு," என்பாள் மனைவி.

அதே கிட்டார்க்காரர் கடைசியாக ஒருமுறை வாசிப்பதாக அறிவிப்பு வந்தது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த போஸ்டர், மொத்தமே ஆறு. ஐந்து மழையில் போயின. மிஞ்சியது மார்க்கெட் பின்சுவரில். கச்சேரிக்கு முதல் நாள் மதியம் போய்ப் பார்த்தால், வேறு கோஷ்டியில் ஒட்டும் நெட்டையனும் அவன் மச்சானும் அதன்மேல் பெயின்ட் விளம்பரம் ஒட்டப் போகிறார்கள்.

"யோவ், அது நாளைக்கு நடக்கிற ஷோ! கைய எடு!"

"மூலை தொங்குதே. முடிஞ்ச போஸ்டர்தான?" என்றான் நெட்டையன். அந்தத் தொழிலில் தொங்கும் மூலைக்கு அதுதான் அர்த்தம்.

"நான்தான் வேணும்னே விட்டேன்."

"ஒட்டத் தெரியாதவன் பேச்சப் பாரு!"

பசைக்காரன் கையிலிருந்த பசை வாளியாலேயே அவன் முகத்தில் அடித்தான். நெட்டையன் சுவர் சுரண்டும் தகட்டை வீசினான். இவன் காது கிழிந்தது. இவன் தள்ளிய தள்ளலில் நெட்டையன் உடைந்த கண்ணாடிக் குவியல்மேல் விழுந்தான். முழங்கைக்குக் கீழே ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. அப்படிப் பீய்ச்சினால் தமனி அறுந்திருக்கிறது. சும்மா விட்டால் சில நிமிடங்களில் ஆள் காலி.

பசைக்காரன் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் காயத்தில் வைத்து, இரு கையாலும் அழுத்தினான்.

"ஆம்புலன்ஸக் கூப்பிடுடா!"

மச்சான் கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பினான்.

"இதுக்காகத்தான எங்க ஆளச் சாய்ச்ச?"

தொங்கிய மூலையைப் பிடித்து இழுத்தான். சிரமமே இல்லாமல் வந்தது. இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்தான்.

கையை எடுத்தால் தடுக்கலாம். பசைக்காரன் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொன்னான், கையை எடுக்கவில்லை.

"ரொம்ப அழுத்துற. வலிக்குது," என்றான் நெட்டையன், வெளுத்த உதட்டோடு.

"செத்துத் தொலைஞ்சா எனக்கு நிம்மதி. அசையாதடா."

ஆம்புலன்ஸ் வரப் பதினோரு நிமிடம் ஆயிற்று. வந்தவர்கள் பசைக்காரனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் காயத்தைப் பார்க்க முடிந்தது.