ஜோர்ஜியாவில் யார் இருக்கிறார்கள்?

எங்கள் வீட்டில் பயணம் என்றால் கலியாணவீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு. லண்டனும் பாரிசும் நியூ ஜெர்சியும் அப்படித்தான் பார்த்தேன். அதாவது அந்த ஊர்களின் மண்டபங்களையும் சமையல் குசினிகளையும் பார்த்தேன். ஆகவே என் கணவர் ஒருநாள் தேநீரைக் குடித்தபடி, "அமெரிக்காவிலை ஜோர்ஜியாவுக்குப் போவமே?" என்று கேட்டதும் என் வாயில் வந்தது, "அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. பழைய நகரம் ஒண்டு இருக்கு. பெரிய மரங்கள் இருக்காம்."

மனிதர் காலமெல்லாம் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது யூடியூபில் மரம் பார்க்கிறார் என்று அவருடைய தங்கைக்குப் போன் எடுத்து முறைப்பட்டேன். அந்த மச்சாளும் அதையே கேட்டாள்: "அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

உண்மையில் என் பயம் வேறு. பிள்ளைகள் கலியாணம் கட்டி யூனியன்வில்லுக்குப் போன பிறகு எங்கள் இருவருடைய பேச்சும் பால் முடிந்துவிட்டது, நாளைக்குக் குப்பை வண்டி வரும் என்ற அளவில் வந்து நின்றிருந்தது. ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க இந்த மனிதரோடு தனியே எதைக் கதைப்பது? கதைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால், திரும்பி வந்து அதே வீட்டில் எப்படி இருப்பது?

கடைசியில் காரில் புறப்பட்டோம். அமெரிக்க எல்லையில் அதிகாரியும் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்டார். "மரங்களை," என்றார் இவர், ஆங்கிலத்தில். அதிகாரி சிரித்துவிட்டுக் கடவுச்சீட்டுகளைத் தந்தார். வெர்ஜினியா வரை பழைய பாட்டு ஓடியது. பாட்டு முடிந்தால் மரக்கறி ரோல்ஸ் எடுத்து நீட்டினேன். வாய்க்கு ஏதாவது வேலை வேண்டுமே.

இவர் சொன்ன பழைய நகரமான சவன்னாவின் மரங்களைச் சும்மா சொல்லக்கூடாது. தலைமுழுகிவிட்டு நரைமயிரை உலர்த்தும் கிழவிகள் மாதிரி, பாசி தொங்கத் தொங்கத் தெருவெல்லாம் நின்றன. இவர் அண்ணாந்தபடியே நடந்து இடறினார். "இஞ்சேருங்கோ, காலடியைப் பாருங்கோ!" அன்று முழுக்க நான் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் ஆற்றங்கரைப் பழைய கட்டடங்களைப் பார்க்கப் போனோம். வழிகாட்டியாக வந்த கறுப்பினப் பெண், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களை விற்ற கதையைச் சொன்னார். புருஷனை ஒருவன் வாங்குவான், மனைவியை இன்னொருவன். பலர் சாகும்வரை ஒருவரையொருவர் பார்க்கவேயில்லையாம். மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன், கண் கலங்கியிருந்தது.

பக்கத்திலிருந்த வாங்குப் பலகையில் இருத்தினேன்.

"அது அவையின்ரை துயரம். எங்கடையோடை வைச்சுப் பாக்கேலாது," என்றார். "ஆனா நான் முதல் கனடாவுக்கு வந்திட்டன், நீர் வருசக்கணக்கா ஊரிலை தனிய இருந்தீர். நீர் வந்தாப் பிறகு வேலை, பிள்ளையள், வீட்டு மோட்கேஜ், ஆக்களின்ரை கலியாணவீடு. விட்டுப்போன அந்தக் காலத்துக்கு ஈடா ஒரு கிழமையெண்டாலும் உம்மோடை இருக்கோணும் எண்டு நினைச்சன். அதுதான் ஒருத்தரும் இல்லாத இடமாப் பாத்தனான்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இதை வீட்டிலை சொல்லியிருக்கலாமே!"

"வீட்டிலை நீர் எந்த நேரமும் போனிலை."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு நான் தொடங்கினேன். அந்தக் காலத்தில் மனதுக்குள் அவரோடு பிடித்த சண்டை ஒவ்வொன்றையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கனடாவுக்கு வந்த புதிதில் தான் கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளி எப்படிக் கத்துவான் என்று எழுந்து நின்று நடித்துக் காட்டினார். இத்தனை வருடத்தில் இதை எனக்குக் காட்டியதேயில்லை! திரும்பி வரும்போது பாட்டுப் போட மறந்துபோனோம்.

வந்த மறுநாளே மச்சாள் மோர்னிங்சைட்டிலிருந்து வந்து படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மரம், மரம், பிறகும் மரம்.

"உவ்வளவு தூரம் போனியள். அங்கை ஒருத்தருமே இருக்கேல்லையே?"

"ஏன் இல்லை?" என்றேன். "உம்மடை அண்ணை இருந்தவர்."