விடுபட்ட ஒவ்வாமை

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை ‘வாட்ச்மேன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளின் விவரங்கள் சேரும் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. பிறந்த தேதியில் ஒரு இலக்கம் பிசகினாலும் பதிவை ஏற விடமாட்டாள். அப்படி ஒரு கறார்! “அக்காவைத் தாண்டி எறும்பு போகணும்னாலும் அடையாள அட்டை காட்டணும்” என்று கவுண்டர் பெண் கிண்டலடிப்பாள்.

நோயாளியின் பெயருக்கும் வயதுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. ஆளுக்கு ஆள் மாறும் விவரங்களை மட்டும் ஜேசன் என்ற கணினி வடிவில் ஒரே பொட்டலமாகச் சேமிக்க வைத்தாள். அதற்குள் மருந்து ஒவ்வாமைக் கேள்விக்குப் பதில் காலியாக இருந்தால் ஏற்கக் கூடாது என்று விதியும் எழுதினாள். காலியாக விட்டுப் பார்த்தாள், தடுத்தது. அந்தக் கேள்வியே பொட்டலத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. பாழாய்ப்போன டேட்டாபேஸ், தப்பு என்று உறுதியாகத் தெரிந்தால்தான் தடுக்கும். கேள்வியே இல்லாமல் சரியா தப்பா தெரியாது என்றால் விட்டுவிடும்.

ஒருநாள் அவள் தங்கை வேலையிடத்தில் மயங்கி விழுந்து, கூட இருந்தவர்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். பதற்றத்தில் கவுண்டர் பெண் ஒவ்வாமைக் கேள்வியைத் தாண்டிப் போனாள். தாண்டிய கேள்வியைத் திரை பொட்டலத்தில் சேர்ப்பதே இல்லை. பதிவு ஏறியது. எச்சரிக்கை எதுவும் இல்லாததால் டாக்டர் பென்சிலின் ஊசி போட்டார். மாடியில் இருந்த அக்கா விஷயம் தெரிந்து ஓடி வருவதற்குள் தங்கை போய்விட்டாள்.

மேனேஜர் கவுண்டர் பெண்ணை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்.

“அவளை ஒண்ணும் சொல்லாதீங்க சார். அந்த அவசரத்துல யாரா இருந்தாலும் தாண்டத்தான் செய்வாங்க. தடுத்திருக்க வேண்டியது நான் எழுதின விதி. அது தடுக்கல.”

“ஏம்மா, நீங்களே துக்கத்துல இருக்கீங்க…”

“அதனாலதான் சார் சொல்றேன்.”

அந்தக் கேள்வி இருந்தே ஆகவேண்டும் என்று விதியை மாற்றி எழுதினாள். பழைய பதிவுகளைச் சரிசெய்யாமல் புது விதி ஏறாது. அவளும் கவுண்டர் பெண்ணும் விடுபட்ட ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, எந்த மருந்து ஒத்துக்காது என்று கேட்டு நிரப்பினார்கள். சிலர் எரிந்து விழுந்தார்கள், சிலர் வாழ்த்தினார்கள்.

கடைசியில் ஒரே ஒரு பதிவு மிச்சம். கவுண்டர் பெண் போனை எடுத்தாள், பெயரைப் பார்த்தாள், வைத்துவிட்டாள்.

“இதை அழிச்சிடலாமாக்கா?”

“வேண்டாம். பதில் எனக்குத் தெரியும். யாராவது கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே…”

வாய்விட்டு அழுதுகொண்டே ‘பென்சிலின்’ என்று தட்டினாள். விதி ஏறியது.