செவித்திறன்: நன்று

ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போகிறது. சிலர் வாய்பிளந்து பார்க்கிறீர்கள், சிலர் திட்டுகிறீர்கள். அந்த உறுமலை அதற்குள் பொருத்தியவன் யார், சரிபார்ப்பதற்காக அதன் வாலருகே எத்தனை ஆண்டு நின்றான், இன்று அவனுக்குக் காது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

பட்டறையில் அவரைக் காதுக்காரர் என்பார்கள். வயது நாற்பத்தொன்பது. கார்களுக்கு வேறு சைலன்சர் மாட்டுவது தொழில். கார் கம்பெனி தரும் சைலன்சர் சத்தத்தை அடக்கும்; அதைக் கழற்றி எறிந்துவிட்டு அடக்காத ஒன்றை மாட்டிக்கொள்ள ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். பட்டப்பெயர் வந்தது ஒரு ரப்பர் குழாயால். இரண்டடிக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஓடும் இன்ஜினின் இணைப்புகள் மேல் நகர்த்திக்கொண்டே போவார். மயிரிழை அளவுக்குப் புகை கசிந்தாலும் 'இங்கே' என்று விரல் வைப்பார். "எறும்பு தும்மினாலும் நம்மாளுக்குக் கேட்டுரும்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அதெல்லாம் பழைய கதை. மூன்று ஆண்டாக யானை தும்மினாலும் சந்தேகம்தான். காதுக்குள் ரீங்காரமிடும் ஒரு வண்டு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அது ஓய்ந்தால்தானே வெளிச்சத்தம் உள்ளே வரும்? குழாயைக் காதில் வைப்பது வெறும் நடிப்பாகிவிட்டது. நிஜமான வேலையை எதிர்மூலையில் நின்ற வெல்டரின் புருவம் செய்தது. எங்காவது கசிவு டிக் டிக்கென்று அடித்தால் வெல்டரின் இடது புருவம் தானாகச் சுருங்கும். அது வெல்டருக்கே தெரியாது. காதுக்காரர் புருவத்தைப் பார்ப்பார், கசிவைத் தேடுவார், கண்டுபிடிப்பார். பெயர் நிலைத்தது.

அன்று காலை அவர் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, மூணு தடவை கூப்பிட்டாச்சு. இந்தச் சுவரைக் கூப்பிட்டிருந்தா எதிரொலியாவது வந்திருக்கும்."

"சொல்லு" என்று அவள் உதட்டைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தானே அந்தப் பேப்பர்? அதுல கையெழுத்துப் போடாதீங்க."

"போடலைன்னா வேலை போயிரும்."

"போட்டா?"

"காது ஏற்கெனவே போயிருச்சே."

"அப்ப போச்சுன்னு எழுதுங்க. ஏன் இருக்குன்னு எழுதறீங்க?"

அவர் கேட்காததுபோல இருந்துவிட்டார். காது போனதில் இருக்கும் ஒரே வசதி அது.

அந்தப் பேப்பர் ஆண்டுக்கொரு முறை வரும் உடல்நலப் படிவம். கண், நெஞ்சு, முதுகு என்று வரிசையாகப் போய், கடைசி வரியில் 'செவித்திறன்: நன்று' என்று இருக்கும். 'நன்று' என்பதும் சேர்த்தே அச்சடித்தது! இருபத்திரண்டு ஆண்டில் எந்த டாக்டரும் அவர் காதருகே வந்ததில்லை. படிவம் வரும், எல்லாரும் போடுவார்கள், இவரும் போடுவார். பட்டறையின் இன்னொரு கிளையில் இருந்த பெயின்டர் ஒருவர் மூச்சு கெட்டுப்போய் நஷ்டஈடு கேட்டபோது, அவர் போட்ட கையெழுத்துகளையே சீட்டுக்கட்டுபோல மேசையில் பரப்பி, "இதெல்லாம் உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார்களாம். இந்த ஆண்டும் போட்டுவிட்டால் காது போனதற்குப் பட்டறை பொறுப்பில்லை என்று இவரே இருபத்து மூன்றாம் முறையாக எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

காது போனதற்கு அவருடைய மச்சான் சொன்ன காரணம் வேறு. "போன ஜென்மத்துப் பாவம் மாமா, அனுபவிச்சுத்தான் தீரணும்" என்றான் ஒருமுறை. நல்லது. போன ஜென்மத்துப் பாவம் ஏன் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை மட்டும் வேலை பார்க்கிறது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டின் இரைச்சல் கொஞ்சம் தணிகிறதே, பாவத்துக்கும் வார விடுமுறை உண்டா? காதை மூட ஒரு காதுறை கேட்டபோது முதலாளி சிரித்த சிரிப்பு எந்த ஜென்மத்துக் கணக்கு? "காதுக்காரரே காதை மூடிக்கிட்டா நான் கடையை மூட வேண்டியதுதான்!" என்று சொல்லி அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தார்.

பட்டறைக்குள் நுழைந்ததும் முதலாளி படிவத்தை ஸ்பேனர் தட்டின்மேல் வைத்தார். "சாயங்காலத்துக்குள்ள போட்டுருங்க. டாக்டரம்மா வண்டியும் நாலு மணிக்கு வேணும்." வெல்டர் விடுப்பு. மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போயிருந்தார்.

டாக்டரம்மா பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டிய வயதில், கடன் எல்லாம் தீர்ந்த பிறகு, தனக்கென்று வாங்கிய முதல் ஆடம்பரம் அந்தக் கரும்பச்சைக் கார். லிஃப்டில் ஏற்றி அடியில் நின்றார் காதுக்காரர். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்தும் துரு பிடித்த போல்ட்டுகள் அசைவேனா என்றன. ஒன்று பாதியில் முறிந்தது; துளைபோட்டு எடுப்பதற்குள் பதினொரு மணி. பழைய சைலன்சரைத் தாங்கிய ரப்பர் வளையங்களைச் சோப்புத் தண்ணீர் தடவி நழுவவிட்டு, இறக்கிக் கீழே வைத்தார். புதுக் குழாயை முதலில் எல்லா இடத்திலும் தளர்வாக மாட்டி, நேர்பார்த்து, பிறகு முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். கை தலைக்கு மேலேயே இருந்ததில் தோள்பட்டை விண்விண் என்றது. முன் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை வைக்கும்போது ஒரு கணம் கண்ணை மூடினார். அவ்வளவுதான்.

கடைசியில், பளபளக்கும் குழாய் முழுவதையும் ஸ்பிரிட் துணியால் துடைத்தார். விரல் ரேகை இருக்கும்போதே சூடேறினால் எஃகில் அது சுட்ட தழும்பாகப் பதிந்துவிடும்; அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது. செய்தவன் கைபட்ட அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது, வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்காது.

நாலு மணிக்கு டாக்டரம்மா வந்தார். முதலாளி ஷட்டரை இறக்கச் சொன்னார். மூடிய அறையில் சத்தம் இன்னும் எழும்பும், வீடியோவுக்கு நன்றாயிருக்குமாம். இன்ஜினை முடுக்கியதும் பின்னால் நின்றவர்களின் நெஞ்செலும்பே அதிர்ந்தது. காதுக்காரர் வழக்கம்போல ரப்பர் குழாயைக் காதில் வைத்து, குனிந்து, இணைப்பு இணைப்பாக நகர்த்தினார். நிமிர்ந்து எதிர்மூலையைப் பார்த்தார். அங்கே வெல்டிங் முகமூடி மட்டும் ஆணியில் தொங்கியது. அதற்குப் புருவம் கிடையாது.

"எல்லாம் சரியா இருக்கு டாக்டர்" என்றார்.

டாக்டரம்மா தலையைச் சாய்த்தார். "அண்ணே, முன்பக்கம் ஏதோ டிக் டிக்னு கேக்குதே?"

"அது புதுக் குழாய் சூடேறுற சத்தம் மேடம்" என்று முதலாளி முந்திக்கொண்டார். "காதுக்காரர் சொன்னா சொன்னதுதான். என்னங்க?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அந்த அம்மாவும் நம்பியிருப்பார். இருபத்திரண்டு ஆண்டுப் பெயர் அதற்குத்தானே இருக்கிறது? ஆனால் முன் இணைப்பு இருப்பது ஓட்டுநர் காலடிக்கு நேர் கீழே. அங்கே கசிகிற, ஆளைக் கொல்லும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. யார் பெயர் பெரியது என்று பார்த்து அது நுழைவதில்லை. அவர் இன்ஜினை நிறுத்தச் சொன்னார்.

"எந்த இடத்துல கேக்குது? கையைக் காட்டுங்க டாக்டர்."

"உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கலை." ரப்பர் குழாயைக் கீழே வைத்தார். "இது மட்டும் இல்ல. மூணு வருஷமா எதுவுமே சரியாக் கேக்கலை."

முதலாளியின் கையிலிருந்த போன் தாழ்ந்தது. "என்ன பேச்சுங்க இது, கஸ்டமர் முன்னாடி?"

காதுக்காரர் காரை மறுபடி லிஃப்டில் உயர்த்தினார். இன்ஜினை லேசாக ஓடவிட்டு, டாக்டரம்மா காட்டிய இணைப்பில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினார். குபுகுபுவென்று நுரை குமிழியிட்டது. உள்ளே கேஸ்கட்டின் ஓரம் மடிந்திருந்தது. சூடு ஆறும்வரை காத்திருந்து, பிரித்து, புதியது வைத்து, முறுக்கி, மறுபடியும் சோப்புத் தண்ணீர். இந்த முறை நுரை சும்மா வழிந்து இறங்கியது. துணியை எடுத்துத் தம் விரல் ரேகையையும் துடைத்தார். கோபம் யார்மேல் இருந்தாலும் வேலை என்ன பாவம் செய்தது?

பிறகு ஸ்பேனர் தட்டிலிருந்த படிவத்தை எடுத்தார். 'நன்று' என்பதன்மேல் ஒரே கோடு. பக்கத்தில் எழுதினார்: 'மூன்று ஆண்டாகக் கேட்பதில்லை. இருபத்திரண்டு ஆண்டு இங்கே வேலை. காதுறை தரப்படவில்லை. சோதிக்கப்படவில்லை.' அதன்கீழே கையெழுத்துப் போட்டார்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார், யாரிடம் தாழ்த்துகிறோம் என்பதை மறந்து. இவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "இது வெறும் பேப்பருங்க. மேல போச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் வந்து நிப்பான். கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதுங்க."

"வெறும் பேப்பர்தானே முதலாளி? என்ன எழுதியிருந்தா என்ன?"

டாக்டரம்மா கையை நீட்டினார். "சாட்சின்னு ஒரு கையெழுத்துப் போடறேன். நான் கேட்டேன், இவருக்குக் கேக்கலை. அதைச் சொல்லக் காது டாக்டரா இருக்கணும்னு அவசியமில்ல." எழுதி முடித்துவிட்டுக் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "என் கிளினிக்ல அந்தத் துளை மிஷின் ஓடும்போது நான் காதுல அடைப்பான் வெச்சுக்குவேன் அண்ணே. இங்க உங்க காதுக்கு என்னன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

காதுக்காரர் படிவத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் நீட்டினார்.

"திங்கக்கிழமை வாங்க, பேசலாம்" என்றார் முதலாளி. வேலைக்கு வாங்க என்று சொல்லவில்லை.

ஷட்டரைத் தூக்கினார்கள். காரின் உறுமல் தெருவில் இறங்கி வளைவில் மறைந்தது. காதுக்காரருக்கு அது உள்ளங்காலில் மட்டும் தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் மனைவி தோளைத் தட்டி, கையால் எழுதுவதுபோலக் காட்டிக் கேட்டாள். அவர் போனை நீட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள்.

"எழுத்துப்பிழை இல்ல" என்றாள். பிறகு தையல் மிஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, உங்கள் வண்டியைச் சத்தமாக ஓடவிட்டுக் காட்டுவதற்காக ஷட்டரை இறக்கினால், தூக்கச் சொல்லுங்கள். அடியில் நிற்கிறவரின் காதில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரை விட்டுவிட்டு முதலாளியிடம் ஏன் என்று கேளுங்கள். உங்கள் முன்னாலும் ஒரு நாள் 'நன்று' என்று அச்சடித்த படிவம் வரும். பேனாவைத் திறப்பதற்கு முன் கடைசி வரிவரை படியுங்கள். பொய்யாக இருந்தால் அடித்துவிட்டு, உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.