பால் டின் உயரம்

பழங்கால ரேஸ் விமானத்தின் மாதிரியைத் தம்போயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கட்டிக்கொண்டிருந்தேன். இறக்கை நுனிகளை எவ்வளவு உயர்த்தி ஒட்டுவது என்று உலு திராமில் இருக்கும் நண்பரோடு ஒரு வாரமாகச் சண்டை. உயர்த்தினால் ஆடாமல் பறக்கும் என்றேன். குறைத்தால்தான் சட்டென்று திரும்பும் என்றார் அவர். என் விமானம், என் இறக்கை! நுனிக்கு அடியில் பால் டின்னை முட்டுக்கொடுத்து, பசை பூசிவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அங்கே குட்டையான சார்டின் டின். பசை இறுகிவிட்டது.

“தேத்தண்ணிக்குப் பால் வேணாமா? அதான் வேற டின்னு வெச்சேன்லா,” என்றாள் மனைவி.

செடெனாக் திடலில் பறக்கவிட்டபோது, விமானம் நண்பர் சொன்னபடியே சட்டென்று திரும்பியது.

“அலமாக்! யாருங்க கணக்குப் போட்டது?” என்று வியந்தார் நண்பர்.

“நான்தான்.”

அடுத்த விமானத்துக்கும் பால் டின்னை முட்டுக்கொடுத்து இறக்கையை ஒட்டியதும், மனைவியிடம் தேத்தண்ணி கேட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.