கோச்சுக்கு வாங்கிய நாற்காலி

வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி அது. அபுதாபி முசஃபாவில் எந்தக் கடை வாசலிலும் அடுக்கி வைத்திருப்பார்களே, அதே ரகம். முதுகுப் பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் ‘கோச்’ என்று எழுதியிருக்கும். எழுதியது நான்தான். அதை மைதானத்துக் கோட்டோரம் போட்டு வைப்போம். அதன்மேல் தண்ணீர் பாட்டில் இருக்கும், யாராவது கழற்றிப் போட்ட ஜாக்கெட் இருக்கும், சில நாள் ஐஸ் டப்பா இருக்கும். எங்கள் கோச் மட்டும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆட்டம் முடியும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டோரமாக நடந்துகொண்டே இருப்பார். ஒருமுறை கேட்டதற்கு, “நாள் முழுக்க ஸ்டோரிலை கதிரையிலைதான் இருக்கிறன் தங்கச்சி. இஞ்சையாவது நிண்டு பாக்க விடுங்கோ” என்றார்.

நேற்றுவரை அந்த நாற்காலி என் ஃபிளாட் பால்கனியில் துணிக்கொடிக்குக் கீழே கிடந்தது. போன வாரம் எங்கள் பழைய மாணவர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஓட்டெடுப்பு வந்தது. ‘புதிய கோச்சிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?’ என்று கேட்டு, தேர்ந்தெடுக்க நான்கு பதில்களும் கொடுத்திருந்தார்கள். அனுபவம், லைசென்ஸ், கோப்பை, கண்டிப்பு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு வேண்டியது அந்த நான்கில் இல்லை. அது எங்களுக்கு ஒருமுறை கிடைத்தது, கிடைத்ததை நாங்களே வேண்டாமென்று அனுப்பினோம். அதைக் குழுவில் எழுதினால் அரைமணி நேரத்தில் என்னைத் தூக்கிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி குமரி மாவட்டத்தில் இருக்கிறது. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் கல்லூரி. எங்கள் பக்கத்தில் கிரிக்கெட்டுக்கு அடிமையானவர்களைவிடக் கால்பந்தாட்டத்துக்கு அடிமையானவர்கள் அதிகம். அபுதாபியில் எங்கள் பழைய மாணவர்கள் ஏசி மெக்கானிக்காகவும் பஸ் டிரைவராகவும் ஆபீஸ் அக்கவுண்டன்டாகவும் சிதறிக் கிடக்கிறார்கள். குளிர்காலம் வந்தால் எல்லோரும் ஒன்று கூடிவிடுவோம். பல கல்லூரிகளின் பழைய மாணவர்கள் அணிக்கு ஏழு பேராக மோதும் செவன்ஸ் போட்டி, ஞாயிறு சாயங்காலம், ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னால் இருக்கும் வாடகை மைதானத்தில். வெல்டிங் வாடையும் கரக் சாயாவின் ஏலக்காய் வாடையும் கலந்து அடிக்கும். நான் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். விசா விண்ணப்பத்தில் ஊரார் பெயரையெல்லாம் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு தட்டுகிறவள், ஞாயிறன்று கோலுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். பெண்கள் கத்தலாமா என்று முதல் வருஷம் யாரோ கேட்டார். அவர் இப்போது எனக்குப் பக்கத்தில் நின்று முரசு அடிக்கிறார்.

நாற்காலிக் கோச்சுக்கு முன்பிருந்த பழைய கோச் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனபோது, ஒரு ஹோட்டல் மாடியில் கூட்டம் போட்டோம். பொரித்த மீனும் பரோட்டாவும் வந்துகொண்டே இருந்தன. அன்று ரசிகர்கள் கேட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி ஆளாளுக்கு ஒரு நிபந்தனை. ஒருவருக்கு லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும். இன்னொருவருக்கு லைசென்ஸே வேண்டாம், அதட்டுகிற ஆள் போதும். ஏசி மெக்கானிக் ஒருவர், அதட்டினால் தன் மச்சான் ஆட வரமாட்டான் என்றார். ஞாயிறு டியூட்டி இல்லாதவராக இருக்க வேண்டும், சொந்த வண்டி இருந்தால் நல்லது, பந்துகளை ஏற்றி வரலாம். எல்லோரும் ஒத்துப்போனது ஒன்றில்தான். மலபார்க் கல்லூரிக்காரர்களை ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும்.

நான் எழுந்து, கோட்டோரம் வந்து நிற்பாரே, அந்த யாழ்ப்பாணத்து அண்ணனைக் கேட்கலாம் என்றேன். ஊரில் பள்ளிக்கூடத்து அணிகளைப் பழக்கியவர். முசஃபாவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வாராவாரம் வந்து, நாங்கள் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் தனக்குத் தானே தலையில் அடித்துக்கொள்வார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை பிறந்தது. சும்மா பார்க்க வந்த ஆளுக்கு இவ்வளவு வலிக்குமா?

சங்கச் செயலாளர் வாயைத் துடைத்துக்கொண்டு, “நம்ம காலேஜ் ஆளு இல்லியே மக்கா” என்றார்.

“போன வருசம் எறக்கின கெஸ்ட் பிளேயரு நம்ம காலேஜா அண்ணே? எந்த டிபார்ட்மென்ட்டு?” என்றேன்.

மாடியே சிரித்தது. விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய மாணவர்கள் மட்டுமே ஆடலாம் என்பது போட்டியின் விதி. ஆனால் முக்கியமான ஆட்டம் வந்தால் ஒவ்வோர் அணியும் வெளியே இருந்து நல்ல ஆட்டக்காரரைப் பிடித்து வரும். லீவில் ஊருக்குப் போயிருக்கும் ஒருவருடைய சங்க அட்டையும் சட்டையும் அவருக்குப் போகும். சட்டையில் ஊருக்குப் போனவர் பெயர் இருக்கும், கால் மட்டும் வேறு ஆளுடையது. யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் எல்லோரும் செய்கிறார்கள். செயலாளருக்கு அன்று வேறு வழி இல்லாமல் போயிற்று.

அவரைக் கேட்கப் போனபோது அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “வாறன். ஆனா உங்கட கொலிஜ்ஜிலை படிச்ச ஆக்கள்தான் விளையாடவேணும். வெளியாக்கள் ஒருத்தரும் வேண்டாம். வெண்டாலும் எங்கட, தோத்தாலும் எங்கட.” செயலாளர் தலையை ஆட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அந்தத் தலையாட்டலை மறக்கவே மாட்டேன். மறுநாள் சங்கத்துச் செலவில் நாற்காலி வாங்கினோம்.

அந்தக் குளிர்காலம் மாதிரி ஒன்று இனி வராது. டியூட்டி முடிந்து களைத்து வருகிறவர்களை அவர் முதலில் ஓடவிடமாட்டார். உட்காரவைத்துச் சாயா குடிக்கச் சொல்லிவிட்டு, அந்த வாரம் சைட்டில் என்ன நடந்தது என்று கேட்பார். யாருக்கு முழங்கால் வலி, யார் ஏணியில் நின்று வேலை பார்த்தவர் என்பதெல்லாம் அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு அதற்கேற்ப நிறுத்துவார். பஸ் டிரைவர் அண்ணன் ஒருவர் இருந்தார். கல்லூரியில் வரலாறு படித்தவர், அணியில் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர். வயது ஏறி, வயிறும் கொஞ்சம் முன்னால் வந்துவிட்ட ஆள். பழைய கோச் அவரை பெஞ்சிலேயே வைத்திருந்தார். இவர், “அவருக்குக் கண்ணாடி பாக்காமலே பின்னாலை வாறவன் தெரியும்” என்று சொல்லி முதல் ஏழு பேரில் ஒருவராக இறக்கினார். நாங்கள் எல்லாவற்றிலும் ஜெயிக்கவில்லை. ஆனால் தோற்றாலும் மறுநாள் தொழிலாளர் கேம்ப்பில் தலை நிமிர்ந்து பேச முடிந்தது. தட்டுத் தடுமாறி அரையிறுதிக்கு வந்தோம். எதிரில் மலபார்க் கல்லூரி.

அரையிறுதிக்கு முன்பு பஸ் டிரைவர் அண்ணன் லீவில் ஊருக்குப் போய்விட்டார். செயலாளருக்கு அது போதுமாயிருந்தது. அன்று நான் முரசுக்காரர்களோடு போய்ச் சேர்ந்தபோது, எங்கள் நீலச் சட்டையில் ஒரு புது ஆள் மைதானத்தில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தார். கானாவிலிருந்து வந்தவர், ஏதோ ஒரு கட்டடத்தில் செக்யூரிட்டி டியூட்டி. என்ன ஓட்டம்! முதுகில் எங்கள் பஸ் டிரைவர் அண்ணனின் பெயர். ரசிகர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். கோச் இன்னும் வரவில்லை, ஸ்டோரில் சரக்கு இறக்குகிறார்கள் என்று தாமதம்.

அவர் வந்ததும் வராததுமாக வாசலில் ஒரு டாக்சி நின்றது. இறங்கியவர் பஸ் டிரைவர் அண்ணன்! திருவனந்தபுரத்திலிருந்து மத்தியானம் இறங்கியவர், ரூமுக்குக்கூடப் போகாமல் நேராக மைதானத்துக்கு வந்திருக்கிறார். கயிறு கட்டிய அட்டைப் பெட்டி தோளில். உள்ளே நேந்திரங்காய் சிப்ஸும் கருவாடும். நம் ஆட்கள் எப்போதும் செய்வதுபோல் பெட்டியின் நாலு பக்கமும் தன் பெயரைப் பெரிய எழுத்தில் மார்க்கரால் எழுதியிருந்தார். பெட்டியைக் கோச்சின் நாற்காலியில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர் முன்னால், அதே பெயர் சட்டையில் ஓடிப்போனது.

“லேய், அது எனக்க சட்டையாக்கும்லே!” என்று அவர் போட்ட சத்தத்தில் முரசு நின்றுவிட்டது.

செயலாளர் ஓடி வந்தார். “நீ அடுத்த வாரம்தானே வரணும்? லீவு முடியலியே?”

“கம்பெனியில யல்லா யல்லா, உடனே வான்னு கூப்பிட்டுட்டானுவ. மேட்ச்சும் இருக்கேன்னு ஓடி வந்தேன். எனக்க சட்ட எப்பிடி அவருகிட்ட போச்சு?”

கோச் பெட்டியைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். பிறகு செயலாளரிடம், “உது ஆற்றை சேட்டு?” என்றார். யாருடைய சட்டை என்று தெரிந்துகொண்டே கேட்ட கேள்வி. குரல் உயரவே இல்லை.

“கோச்சே, ஒரு கேமுதானே. கண்டுக்கிடாதீங்க. அவனுவளும் ரெண்டு பேர எறக்கியிருக்கானுவ.”

“அது அவையின்ரை பாடு. நீங்கள் எனக்குத் தலை ஆட்டினனீங்கள்.”

“இன்னைக்குத் தோத்தா நாளைக்கு நீங்க கோச் இல்ல, பாத்துக்கிடுங்க.”

“ஓம்” என்றார் கோச். அவ்வளவுதான். நேராக மைதானத்துக்குள் போய் அந்த கானாக்காரரின் தோளில் கைவைத்து ஏதோ ஆங்கிலத்தில் பேசினார். உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை, இந்தச் சட்டைக்காரர் வந்துவிட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மனுஷர் பெட்டியை எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். “நோ பிராப்ளம் கோச்” என்று சட்டையைக் கழற்றி, பஸ் டிரைவர் அண்ணனின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போய்விடவும் இல்லை. எங்களோடு வந்து நின்றுகொண்டார். இரண்டாம் பாதியில் எங்கள் முரசை அடித்தவரும் அவர்தான்.

தோற்றோம். நன்றாகவே தோற்றோம். நாலு கோல் வாங்கினோம், அதில் ஒன்று பஸ் டிரைவர் அண்ணன் கால் இடறி விட்டுக்கொடுத்தது. விமானத்தில் மடங்கி உட்கார்ந்து வந்த கால், இரவல் பூட்ஸ், ஊர்ச் சாப்பாடு நிறைந்த வயிறு. பின் எப்படி ஓடும்? எனக்குப் பக்கத்தில் நின்ற சில பேர் கோச்சை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நான் திருப்பி ஏசினேன். கடைசியில் எங்கள் ஏசி மெக்கானிக்கின் மச்சான் ஒரு கோல் போட்டார். ஜெயித்த அணிகூட அப்படிக் குதித்திருக்காது. விசில் ஊதிய பிறகும் நாங்கள் முரசை நிறுத்தவில்லை, மைதானத்து விளக்கை அணைக்கிறேன் என்று காவலாளி வந்து மிரட்டும்வரை அடித்தோம். பஸ் டிரைவர் அண்ணன் வேர்வை சொட்டச் சொட்ட வந்து பெட்டியின் கயிற்றை அறுத்து, எதிரணிக்கும் சேர்த்துச் சிப்ஸ் கொடுத்தார். அவர் முதுகில் அவர் பெயர் இருந்தது.

அன்று ராத்திரியே குழுவில் செய்தி வந்துவிட்டது. கோச்சின் சேவைக்கு நன்றி, புதிய கோச் விரைவில் அறிவிக்கப்படுவார். நேரில் சொல்லக்கூட ஆள் இல்லை. கொஞ்ச காலத்தில் அவருக்கு ஓமானில், சலாலாவில், வேறு வேலை கிடைத்தது. போய்விட்டார். போகும்போது டைப்பிங் சென்டருக்கு வந்து, “கதிரையை எறிஞ்சு போடாதேங்கோ தங்கச்சி” என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

அடுத்த குளிர்காலம் எங்கள் கல்லூரி கோப்பையை வாங்கியது. புதிய கோச்சிடம் லைசென்ஸ் இருந்தது, சொந்த வண்டியும் இருந்தது. இறுதி ஆட்டத்தில் எங்கள் சட்டை போட்டு ஆடிய ஏழு பேரில் எங்கள் கல்லூரியில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். கோப்பையோடு எடுத்த புகைப்படம் குழுவில் வந்தது. எல்லோரும் நெருப்பு எமோஜி போட்டார்கள். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பெயர்கள், தெரியாத முகங்கள். வாரம் முழுக்க பெயரில் ஓர் எழுத்து பிசகினால் ஒரு மனுஷர் விமான நிலையத்தில் எப்படி மாட்டிக்கொண்டு நிற்பார் என்று பார்க்கிறவள் நான். இந்த விஷயத்தில் எனக்குப் பெருந்தன்மை கிடையாது. அது எங்கள் கோப்பை இல்லை. எங்கள் நாலு கோல் தோல்விதான் எங்களுடையது. யாருக்குக் கோபம் வந்தாலும் சரி, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த லைசென்ஸ் கோச்சும் இப்போது வேறு அணிக்குத் தாவிவிட்டார். அதனால்தான் ஓட்டெடுப்பு. நான் எந்தப் பதிலையும் தொடவில்லை. நேற்று ஞாயிறு. பால்கனியிலிருந்து நாற்காலியை எடுத்துத் துடைத்தேன். ‘கோச்’ என்ற எழுத்து வெயிலில் வெளுத்திருந்ததால் மறுபடி மார்க்கரால் எழுதினேன். பாகிஸ்தான்கார டாக்சி டிரைவர், அக்கா என்கிற மாதிரி, “பாஜி, இது எதுக்கு?” என்று சிரித்தார். மைதானத்தில் பழைய இடத்தில் போட்டேன். பஸ் டிரைவர் அண்ணன் வந்து தன் தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைத்தார்.

செயலாளர் வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. “இது யாருக்கு மக்கா?”

“கோச்சுக்கு.”

“கோச்ச இன்னும் எடுக்கலியே.”

“எடுங்க அண்ணே. யார வேணும்னாலும் எடுங்க. வந்து இதுல உக்காந்தாருன்னா, நாற்காலிய நான் வீட்டுக்குக் கொண்டு போயிருவேன்.”

சொல்லிவிட்டு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.