பெட்ரோல் மூடியில் ஒட்டிய டேப்

என் காரின் பெட்ரோல் மூடியைச் சுற்றி டேப் ஒட்டியது நான்தான். ஐம்பத்திரண்டு வயதில், விஷயம் தெரிந்தவன் என்று நாலு பேர் நம்பும் ஒருவன் செய்கிற காரியமல்ல. ஆனாலும் செய்தேன், அதுவும் சுருக்கம் விழாமல்.

எனக்கு வேலை சிங்கப்பூரில். திங்கள் விடியுமுன் பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமைதான் எல்லை தாண்டி எங்கள் ஊரான பண்டார் தெங்காரா திரும்புவேன். அதுவரை கார் வீட்டு முன் சும்மா நிற்கும். முப்பது வருடத்துப் பழசு, கார்பரேட்டர் வைத்தது. சனிக்கிழமை சாவியைத் திருப்பினால் முனகுமே தவிர எழாது. உடனே பக்கத்து வீட்டுத் தம்பி வந்துவிடுவார். செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டுபவர். கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல். கார்பரேட்டரின் வாயில் ஒரு மூடி ஊற்றுவார், கார் பிடித்துக்கொள்ளும்.

எனக்குச் சந்தேகம் பிடித்ததும் அங்கேதான். கூப்பிடாமலே எப்படி வருகிறார்? பாட்டில் எப்படி எப்போதும் தயாராக இருக்கிறது? அது யார் பெட்ரோல்?

அவரே ஒருநாள் விளக்கினார். கார்பரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் உண்டாம்; எஞ்சின் குடிப்பது அதிலிருந்துதான். ஒரு வாரம் நின்றால் வெயிலில் அது வற்றிவிடும். டேங்கிலிருந்து இழுத்து அதை நிரப்ப பம்பு இருக்கிறது, ஆனால் பம்பை ஓட்டுவதே எஞ்சின்தான். சாவியைத் திருப்பித் திருப்பிக் கிண்ணம் நிரம்புவதற்குள் பேட்டரி படுத்துவிடும். கேட்க நன்றாக இருந்தது. ரொம்பவே நன்றாக இருந்தது. அப்பாவி மனிதன் இவ்வளவு கோர்வையாகப் பேசுவானா?

அதன்பின் திங்கள்தோறும் பெட்ரோல் முள்ளைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். ஒரு சனிக்கிழமை முள் மயிரிழை இறங்கியிருந்தது. மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள் என்றாள். அன்று மாலைதான் டேப்; மூடியை யார் திறந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் அவர் மகனுக்குக் குளுவாங்கில் பரிசம். அவர் காரில் உறவினர்கள் நிறைந்துவிட்டதால், சீர்த்தட்டுகளோடு அவர் என் காரில் ஏறினார். பன்னிரண்டுக்கு எமகண்டம். பெண்ணின் அப்பா இதிலெல்லாம் கறார். நேரம் தாண்டினால் தட்டை வாங்கவே மாட்டாராம்.

செம்பனைக் காட்டின் நடுவே கார் இருமி நின்றது. அவர் இறங்கி வழக்கம்போல் ஒரு மூடி ஊற்றினார். கிளம்பி, அரைக் கிலோமீட்டரில் மறுபடி நின்றது. மணி பதினொன்று. முன்னே போய்விட்ட மகனுக்குப் போன் போட்டார், லைன் கிடைக்கவில்லை. பின் சீட்டில் மடி நிறையத் தட்டுகளோடு என் மனைவி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“கிண்ணத்துக்கு எண்ண வரலண்ணே. டேங்கு மூச்சு விடுதான்னு பாக்கறேன்.”

பெட்ரோலை எண்ணெய் என்றுதான் சொல்வார். நான் குறுக்கே போய் நின்றேன். மூடியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். பார்க்காமலே எப்படித் தெரியும் என்று கேட்டார். சந்தேகப்படுவதில் எனக்கு அனுபவமுண்டு. அது நியாயமான சந்தேகம்.

டேப்பை ஒரே இழுப்பில் உரித்து மூடியைத் திருகினார். நெடுநேரம் நீருக்குள் கிடந்தவன் போல டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் பொட்டு அளவு துளை உண்டாம். பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியே காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. அந்தத் துளையைத்தான் நான் அடைத்திருந்தேன்.

“இத யாருண்ணே ஒட்னது?”

“நான்தான் தம்பி. வெயில்ல ஆவியாயிருமேன்னு…”

டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கார் கிளம்பியது. குளுவாங் வரை என் மனைவியிடம் மட்டுமே பேசினார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தட்டுகள் உள்ளே போயின. சாப்பாட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முள், படம், பாட்டில் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் ரசத்தைப் பிசைந்து முடித்தார்.

“ஒங்க டேங்குல கெடக்கறது எந்தக் காலத்து எண்ணயோண்ணே. திருடினவன்கூட திருப்பிக் கொண்டாந்து ஊத்திட்டுப் போயிருவான்.”